தேயிலைச் சாயமும் அருச்சுனன் வில்லும்

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுவதற்கு வில்லொன்று வேண்டும். பிள்ளைகள் தம் கையாலே இழைத்த மரவில்லாயின், அதற்கு அழகிய நிறமும் வேண்டுமன்றோ? தடித்த வர்ணம் பூசுவதை நாம் விரும்புவதில்லை. அது தோல்போற் படிந்து மரத்தின் வெடிப்பை மறைத்துவிடும். நாணேற்றி வளைக்கையில் வில் முறிந்து முகத்திலே தாக்கவுங் கூடும். சாயமோ மரத்தினுள்ளே ஊறும்.

தெமோதரையில் அதற்கென எங்குஞ் செல்ல வேண்டியதில்லை. தேயிலையைக் கடுங் கஷாயமாகக் காய்ச்சி, ஆறியபின் துணியால் தடவி உலரவிடுக. மரம் கபில நிறமாகும். ஈரத்தால் எழும் நார்களை உப்புத்தாளால் தேய்த்து மீண்டுந் தடவுக. கருமை விரும்புவோர், துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்து (போத்தலை இறுக மூடலாகாது, வாயு உண்டாகும்), அந்நீரை அதன்மேற் பூசுக. சில நிமிடங்களில் மரம் கறுப்பதைக் கண்கூடாகக் காணலாம். தேயிலையின் துவர்ப்பொருள் இரும்புடன் கூடுவதே காரணம். கடுக்காயும் அன்னபேதியுங் கூட்டி நம் முன்னோர் மை செய்ததும் இவ்வாறே.

மாத்தளையார் மரத்துக்கு நிறமேற்றும் அரக்குவேலை, ஆனந்த குமாரசுவாமி தமது 1908ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்த அருங்கலை. பழகிய கையின்றி அது வாராது. இதுவோ மாணாக்கர்க்கும் எளிது.

வெடிப்பிருப்பின் அங்கே சாயம் கருங்கோடாகத் தங்கும். அத்தகைய வில்லை வளையாது விடுக. கோடில்லாத வில்லுக்குத் தேன்மெழுகு தேய்த்து நாணேற்றுக.