குங்கிலியமும் கிளுவை வேலியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களைப் போன்ற வறண்ட சீமையில் மானாவாரிப் புஞ்சைக்கு உயிர்வேலியாக ஏற்றது முட்கிளுவை. வாசனைப் பிசின் தரும் குக்கில் மரமும் இதன் இனத்தைச் சேர்ந்ததே.

தூபத்திற்கும் மருந்துக்கும் உபயோகமாகும் பிசின்கள் பலவகை. குங்கிலியம் சால மரத்தின் பிசின். அதை நல்லெண்ணெயில் உருக்கி, நீர் விட்டுக் கடைந்தெடுக்கும் குங்கிலிய வெண்ணெயைச் சித்த வைத்தியர்கள் தீப்புண்ணுக்குப் பூசுவர். கருங்குங்கிலியம் மேற்கு மலைக் காடுகளில் கிடைப்பது. சாம்பிராணி சுமத்திராவிலிருந்து வருவது. திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபமிட்ட தொண்டினாலேயே குங்கிலியக்கலயர் அப்பெயர் பெற்றார்.

குக்கில், குஜராத், ராஜஸ்தான் வறள்நிலங்களில் வளர்வது. வாத நோய்களுக்கு வழங்குவது. மெதுவாக வளரும் இம்மரத்தைப் பேராசையால் ஆழமாகக் கீறி, பிசின் மிகுதியாக வடிய மருந்தும் தடவியதனால் எண்ணற்ற மரங்கள் பட்டுப்போயின. 2015-ம் ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகக் குறித்தது.

ஆகையால், கிளுவையின் பிசினுக்காக வேலிமரத்தைக் கீறுதல் தகாது. அப்பிசினைக் குக்கில் என்று விற்பது கலப்படமாகும். இக்கிளுவையின் பெரும்பயன் வேலியே. ஐப்பசி மழைக்கு முன் முற்றிய கிளைகளைப் போத்துகளாக வெட்டி நெருக்கமாக நட்டால் அவை எளிதில் வேர்விடும். வேலி பட்டுப்போன இடங்களில் இவ்வாறு நட்டு நிரப்புவதும், புறம்போக்கிலுள்ள கிளுவைகள் வெட்டப்படாமல் கிராம அதிகாரிகள் கவனிப்பதும் நலம்.