மனைவியா, இல்லையா?

ஐம்பது ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களிடம் திருமணத்தை நேரில் பார்த்த சாட்சி எங்கே என்று கேட்டால்? நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தாலே திருமணம் நடந்ததாகக் கருதலாம், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், 1978ல்.

2005ன் குடும்ப வன்முறைச் சட்டமும் ‘திருமணம் போன்ற உறவில்’ உள்ள பெண்ணுக்குப் பாதுகாப்பு தந்தது. 2010ல் வந்தது நிபந்தனை: இருவருமே மணமாகாதவர்களாக இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மணமானவர் என்று தெரிந்தே ஒருவருடன் பல ஆண்டுகள் வாழ்ந்து கைவிடப்பட்ட பெண்ணுக்கு 2013ல் நிவாரணம் மறுக்கப்பட்டது. இத்தகைய உறவுகளில் ஏழைப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், உரிய சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டனர். அவர்கள் கேட்ட சட்டம் இன்னும் வரவில்லை. உறவை முறித்த ஆணுக்கோ எந்த நஷ்டமும் இல்லை.