கூவுவது யார்?

சித்திரை வெயிலில் வேப்பமரத்திலிருந்து "கூ... கூ..." என்று கேட்கிறதே, அது ஆண் குயில். இனிமையாகப் பாடும் பெண்ணைக் குயில் என்கிறோம், பாடுவதென்னவோ ஐயாதான்! பளபளக்கும் கறுப்பு, ரத்தச் சிவப்புக் கண், வெளிர் பச்சை அலகு. காக்கையைவிட ஒல்லி, வால் நீளம். அம்மாள் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. "கிக் கிக்" என்று கத்துவாள். வேறு ஏதோ பறவை என்றே பலபேர் நினைக்கிறார்கள். இலை மறைவில் இருந்து பழம் தின்னும். தரையில் இறங்குவது அபூர்வம்.

கூடு கட்டுகிற வழக்கமே கிடையாது. முட்டை காக்கைக் கூட்டில்! குயில் குஞ்சு முந்திப் பொரிந்து, காக்கை ஊட்ட வளர்கிறது. லீவில் குழந்தைகள் காக்கைக் கூட்டைக் கலைத்தால் குயிலுக்கும் ஆபத்துதான். இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வளர்ப்புத் தாய் இரையோடு வருவாள்.