ம் கொட்டும் இன்ஜின்

கூரியரில் வந்த பழைய பொம்மை இன்ஜின் அது. ‘பொம்மை’ என்றால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். மாடல் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 22205 என்று எண்ணை ஒட்டி, அம்பத்தூர் வீட்டு மாடி அறையில் தண்டவாளத்தில் வைத்தேன். அதற்கு எழுதிய 2205 என்ற முகவரியைக் கன்ட்ரோலரில் அழைத்தேன். முகப்பு விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. குமிழைத் திருப்பினால் மட்டும் அசையவில்லை.

பழைய முறை மாடல் ரயிலில் இந்த வம்பு கிடையாது. தண்டவாளத்தில் வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்து ஓடும் என்பதுதான் அதில் இடைஞ்சல். அதைத் தீர்க்க வந்தது டி.சி.சி. என்கிற டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கியதை, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990களில் பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு வோல்டேஜ்தான். அதன் திசை மட்டும் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும். புரட்டலின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. நூறோ அதற்கு மேலோ நீடித்தால் 0. இன்ஜினுக்குள் கட்டைவிரல் நகம் அளவுள்ள டிகோடர் இதைப் படித்து, தன் எண் வந்தால் மட்டும் கீழ்ப்படியும்.

தன் எண் எது, எவ்வளவு மெதுவாகக் கிளம்ப வேண்டும், எங்கே வேக உச்சம் என்பதையெல்லாம் டிகோடர் சி.வி. எனப்படும் நினைவு அறைகளில் வைத்திருக்கிறது. ஓர் அறைக்குள் ஓர் எண், 0 முதல் 255 வரை. புதிய டிகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் பிறக்கும். 2205 போன்ற நான்கு இலக்க முகவரி ஓர் அறையில் அடங்காது. 256-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 157. ஈவோடு 192-ஐக் கூட்டி 200 என்று சி.வி. 17-இலும், மீதியைச் சி.வி. 18-இலும் எழுத வேண்டும். அதோடு சி.வி. 29-இல் 32-ஐக் கூட்டாவிட்டால் இந்த நீண்ட முகவரியை டிகோடர் சட்டை செய்யாது. நம் ரயில்வே ஐந்து இலக்கம் எழுதுகிறது, டி.சி.சி. 10239-உடன் நின்றுவிடுகிறது. அதனால்தான் முதல் இலக்கத்தை விழுங்கி 2205.

இந்த அறைகளில் எழுதுவதுதான் புரோகிராமிங். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் டிகோடருக்கு வாய் கிடையாது. அடிப்படை டி.சி.சி.யில் தண்டவாளத்தில் போகும் செய்தி ஒருவழிப் பாதை. கதை கேட்கும் குழந்தை ‘ம்’ கொட்டினால்தானே பாட்டிக்கு அது விழித்திருப்பது தெரியும்? டிகோடரும் ஒரு ‘ம்’ கொட்டுகிறது, மோட்டாரால். செய்தி புரிந்ததும் மோட்டாருக்குச் சுமார் 6 மில்லி விநாடி மின்சாரம் கொடுக்கும். குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுபடும். செய்தி அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் அந்தத் துள்ளலைப் பார்த்து ‘சரி’ என்று குறித்துக்கொள்ளும். குனிந்து பார்த்தால் இன்ஜின் சிலிர்ப்பது நம் கண்ணுக்கே தெரியும்.

திரையில் ‘டிகோடர் இல்லை’ என்று வந்தால் பலர் உடனே டிகோடர் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ‘ம்’ வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தூசும் ஐப்பசி ஈரமும் சேர்ந்து சக்கரத்தில் கருப்புப் பிசுக்காகப் படியும். முதலில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அதைத் துடைக்க வேண்டும். மோட்டாரே இல்லாமல் விளக்குக்கு மட்டும் டிகோடர் வைத்த பெட்டிகளில் எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் ‘ம்’ கொட்டப் போதாது. ஒலி டிகோடரில் தலைகீழ்க் கதை: உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் நிரம்பும்போதே புரோகிராமிங்குக்கென்றே இருக்கும் ட்ராக்கின் 250 மில்லி ஆம்பியர் வரம்பைத் தாண்டி, ஸ்டேஷன் பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். டிகோடரை நாமே பொருத்தியிருந்தால் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து மோட்டார் முனையையும் சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள். பீப் வரக் கூடாது. வந்தால் டிகோடருக்கு ஆயுசு கெட்டி இல்லை.

புரோகிராமிங்குக்குத் தனித் துண்டுத் தண்டவாளம் ஏன் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் செய்திகளில் முகவரி இருக்காது. யார் காதில் விழுந்தாலும் எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் தவறிப்போய் ஆறு இன்ஜின் நின்ற பாதையிலேயே முகவரியை எழுதிவிட்டேன். குமிழைத் திருப்பியதும் ஆறும் ஒன்றாகக் கிளம்பின.

இந்த இன்ஜினிலோ ‘ம்’ ஒழுங்காக வந்தது. முகவரி சரி, மோட்டார் சரி. சி.வி. 8-இல் 8 எழுதினால் பல டிகோடர்கள் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். பலருக்கு அதுதான் முதல் மருந்து. எனக்குப் பிடிக்காது. அப்படிச் செய்தால் கோளாறு என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

பக்கத்து வீட்டு மாமா ஆவடி மின்தொடர் ரயில் பணிமனையில் எலெக்ட்ரிகல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாரன் சத்தம் கேட்டு மாடியேறி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, இழுக்க மட்டும் மாட்டேங்குது. தம்பி, நம்ம லோக்கல் ட்ரெயின்ல நடுவுல இருக்கிற மோட்டார் கோச் தானா ஓடுமா? முன் கேபின்ல டிரைவர் கைப்பிடியைத் திருப்பினாத்தானே ஓடும். இதுவும் யாரோ சொல்றதுக்காகக் காத்திட்டிருக்கு.”

சட்டென்று பொறி தட்டியது. சி.வி. 19. இரட்டை இன்ஜினாகச் சேர்த்து ஓட்டும்போது கூட்டு முகவரியை எழுதும் அறை. அதில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும், வேகக் கட்டளையைக் கூட்டு முகவரியிலிருந்து மட்டுமே இன்ஜின் ஏற்கும். விளக்கும் ஹாரனும் சொந்த முகவரிக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

புரோகிராமிங் ட்ராக்கில் வைத்துப் படிக்கச் சொன்னேன். ஸ்டேஷன் அறையின் எண்ணை நேரடியாகக் கேட்காது, எட்டுக் கேள்விகளாகப் பிரித்துக் கேட்கும்: 128 இருக்கிறதா, 64 இருக்கிறதா, இப்படி 1 வரை. இருந்தால் சிலிர்ப்பு, இல்லையென்றால் மௌனம். மாமாவும் நானும் குனிந்து எண்ணினோம். எட்டுக்கு ஒரு சிலிர்ப்பு, நான்குக்கு ஒன்று. பிறகு ‘அப்படியானால் 12 தானே?’ என்ற கடைசிக் கேள்விக்கு இன்னொன்று.

முந்தைய சொந்தக்காரரிடம் 12 என்ற ஜோடியில் ஓடிய இன்ஜின். ஜோடி எங்கோ போய்விட்டது, இது மட்டும் காத்திருந்திருக்கிறது. பூஜ்யம் எழுதினேன். பெரிய வட்டத் தண்டவாளத்துக்கு மாற்றிக் குமிழைத் தொட்டதும் நத்தை வேகத்தில் நகர்ந்தது.

மாமாவுக்குத் திருப்தி இல்லை. “ஒத்தையா ஓடுறது என்னத்துக்கு? முன்னாடி இன்னொண்ணைக் கோத்து ஓட்டு, பார்ப்போம்” என்றார். மறுபடி சி.வி. 19-ஐத் திறந்து 12 எழுதினேன்.