முதலில் தோழிக்குத்தான் தெரியும்

பிளஸ் டூ படிக்கும் மகள், ரிவிஷன் டெஸ்ட்டில் கெமிஸ்ட்ரி மதிப்பெண் வந்த அன்று என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாள், அறைக்குள் போனாள். பத்து மணிக்கு மேல் கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது. "போச்சுடி, எல்லாம் போச்சு." அந்தப் பக்கம் தோழியும் அதையே சொல்லியிருக்க வேண்டும், "ஆமாடி, எனக்கும் அதே பயந்தான்" என்றாள் இவள். போன் சூடேறி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி, பன்னிரண்டு மணி வரை அதே பேச்சு. மறுநாள் காலையில் முகம் இன்னும் வாடியிருந்தது.

மனசு விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறோம்? அது பாதிதான் உண்மை. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக உளவியலாளர் அமாண்டா ரோஸ், 2002இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பேச்சுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'கூட்டுப் புலம்பல்' எனலாம். ஒரே பிரச்சினையை இருவர் திரும்பத் திரும்பக் கிளறுவது. இப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நட்பு நெருக்கமாக இருந்தது. கூடவே கவலையும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. 2007இல் வெளியான தொடர் ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இப்படிப் பேசிய பெண் பிள்ளைகளுக்கு நெருக்கம், மனச்சோர்வு இரண்டுமே கூடியிருந்தன. நட்பு இறுகுவதால் அந்தப் பேச்சு நல்லது செய்கிறது என்றே தோன்றும். சிக்கலே அதுதான்.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். ஆபத்து என்று மூளை நினைத்த நொடியிலேயே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் கார்டிசோல் ஏறுகிறது. ஆபத்து நேரில் நிற்க வேண்டியதில்லை, நினைவில் வந்தாலும் உடம்பு இப்படிப் பதறலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் இளம்பெண்களைத் தோழியரோடு பிரச்சினைகளைப் பேசவைத்து எச்சிலைச் சோதித்தார்கள். கூட்டுப் புலம்பலில் கார்டிசோல் கூடியது தெரிந்தது.

அதற்காகப் பேசவே கூடாது என்பதில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுத்தாலே, மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் பரபரப்பு தணிவதை ஆய்வாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஸ்கேனில் காட்டினார்கள். ஒருமுறை சொல்லி, ஒருமுறை கேட்டாயிற்றா? "சரி, இப்ப என்னடி பண்ணலாம்?" என்று பேச்சு அங்கிருந்து நகர வேண்டும்.

நகர்வதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழு சொற்களையும் படங்களையும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தது. மறுநாள் ஆட்கள் முன்னால் திடீரென்று பேசவும் கணக்குப் போடவும் சொல்லிப் பதற்றப்படுத்தினார்கள். வெறுமனே படித்தவர்களுக்குப் படித்தது மறந்தது. சொல்லிப் பார்த்தவர்களின் நினைவைப் பதற்றத்தால் அசைக்க முடியவில்லை. ஆக, புத்தகத்தை மூடிவிட்டு ஒருத்தி கேள்வி கேட்க இன்னொருத்தி பதில் சொல்வது படிப்பு மட்டுமல்ல, பரீட்சை பயத்துக்கு மருந்தும்கூட. அதையும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. இந்த வயதில் தூக்கம் வருவதே தாமதம். தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம்.

பள்ளிகள் செய்ய வேண்டியதும் உண்டு. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு, 2018இல் லான்செட் இதழில் வந்தது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் பிள்ளைகளின் குறை கேட்டார். அவருக்கு 'மித்ரா' என்று பெயர். வேறு சில பள்ளிகளில் அதே வேலையை ஆசிரியர் செய்தார். மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர் செய்த இடங்களில் மாற்றம் இல்லை. மார்க் போடுகிறவரிடம் மனசைத் திறப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் தோழியால் தனியாகச் சுமக்க முடியாது. "நான் இருந்து என்னடி ஆகப்போகுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. கேட்டபின் அவளைத் தனியே விடாமல், பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மகளிடம் இதைச் சொன்னபோது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருந்தா?" என்று கேட்டாள்.

"அப்பவும் எங்கிட்ட சொல்லு. கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசாம இருப்பா. இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனை எடுத்து அந்த எண்ணைப் பதிந்துகொண்டாள், தோழிக்கும் அனுப்பினாள்.