அனுன்னாக்கியரும் மாந்தர் தோற்றமும்

விண்ணினின்று வந்த அறிவுடை உயிர்களே மாந்தரை ஆக்கின என்னுங் கொள்கை சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருவழக்குற்றது. அதனைப் பழைய ஏடுகளைச் சான்றுகாட்டி நிறுவ முயன்றவருள் குறிப்பிடத்தக்கவர் சக்கரியா சிட்சின் (1920–2010). 1976இல் வெளிவந்த 'பன்னிரண்டாம் கோள்' என்னும் நூலில் தொடங்கி அவர் விரித்துரைத்தவற்றின் சுருக்கம் வருமாறு: நிபிரு என்னும் கோள் 3,600 ஆண்டுகட்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றுகின்றது, அதன்கண் வாழ்ந்த அனுன்னாக்கியர் பொன் வேண்டி நிலவுலகிற்கு வந்தனர், சுரங்கத்தில் உழைத்துச் சலித்தபின், அக்காலத்து முந்து மாந்தரின் உயிர்க்கூற்றொடு தம் கூற்றைக் கலந்து நம் முன்னோரைப் படைத்தனர். சுமேரிய, அக்காதியக் களிமண் ஏடுகளே இதற்குச் சான்று என்பது அவர்தம் துணிபு. சான்று ஏடாதலின், அதனை ஆராயுங் கடமை மொழிநூலார்க்கும் உண்டு.

முதற்கண் சொற்களை நோக்குவாம். 'அனுன்னாக்கி' என்பதற்கு 'விண்ணினின்று மண்ணிற்கு வந்தோர்' என அவர் பொருள் கொண்டார். இதன் மூலமாகிய சுமேரியத் தொடர் 'அ-நுன்-ன' என்பது. ஈண்டு 'அ' வழித்தோன்றலையும், 'நுன்' பெருமகனையும் குறிக்கும். ஆகவே, 'பெருமகன் வழியினர்' என்பதே அறிஞர் பெரும்பாலார் கொள்ளும் பொருள். வருதலைக் குறிக்கும் வினை யாதும் அதன்கண் இல்லை. 'நிபிரு' என்பதோ கடத்தற் பொருளுடைய அக்காதிய வினையடியாகப் பிறந்தது. ஆறு கடக்குந் துறையைச் சுட்டுவது. வானநூல் ஏடுகளில் அது மர்துக் என்னுந் தெய்வத்தின் விண்மீனாகும். பெரும்பான்மை வியாழனைக் குறிக்கும். அதற்கு 3,600 ஆண்டுச் சுற்று எவ்வேட்டிலும் கூறப்பெறவில்லை.

இனி, படைப்புக் கதையைக் காண்பாம். கி.மு. 17ஆம் நூற்றாண்டுப் படியாகக் கிடைத்துள்ள 'அத்ரகாசிஸ்' என்னும் அக்காதியக் காப்பியத்தில், சிறுதெய்வங்கள் வருந்தித் தோண்டியவை பொற்சுரங்கங்கள் அல்ல, ஆறுகளும் வாய்க்கால்களுமே. உழைப்புப் பொறாது அவை தம் கருவிகளை எரித்துக் கிளர்ந்தெழ, அச்சுமையை ஏற்றற்பொருட்டு மாந்தன் படைக்கப்படுகின்றான். கொல்லப்பட்ட தெய்வமொன்றன் தசையும் குருதியும் களிமண்ணொடு பிசையப்படுகின்றன. அத்தெய்வத்தின் பெயர் 'வே-இல' எனப் படிக்கப்பெறும். அக்காதியத்தில் 'இலு' என்பது தெய்வம். 'அவீலு' என்பது மாந்தன். மாந்தனைக் குறிக்குஞ் சொல்லினுள்ளேயே தெய்வம் உறைகின்றது என்பதனைப் புலவன் சொல்விளையாட்டாற் புலப்படுத்தினன். அம்மொழியில் மட்டுமே பொருந்தும் இந்நயத்தை உயிர்நூற் செய்முறையாகக் கோடல் எங்ஙனம் பொருந்தும்?

வாய்க்கால் வெட்டி வாழ்ந்த மக்கள் தம் உழைப்பின் காரணத்தை வினவிக் கண்ட விடையே இக்கதை. அதனை விண்வெளிப் பயணத்தின் குறிப்பேடாக்கின், இல்லாத வேற்றுலகம் ஒன்றைப் பெறுவதற்காக, உண்மையில் வாழ்ந்த மாந்தரின் குரலை இழந்தவராவோம். சொல்லின் பொருளை அம்மொழியின் இலக்கணமும், அச்சொல் பயின்ற இடங்களுமே முடிவு செய்தல் வேண்டும். ஆராய்வோன் விழைவு அன்று. இந்நெறி சுமேரிய ஏட்டிற்கும் நம் சுவடிக்கும் ஒன்றே.