தராசு காட்டும் எண்ணும் உடல் சொல்லும் செய்தியும்

1991 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் புங்குடுதீவு மக்களில் பெரும் பகுதியினர் ஊரை விட்டுச் சென்றனர். இறுப்பிட்டியைச் சேர்ந்தவர்களும் சுவிற்சர்லாந்து, கனடா, பிரான்ஸ் என்று பல நாடுகளில் வாழ்கின்றனர். கோவில் திருவிழாவிற்கு ஊர் வரும் அவர்கள் உறவினர் வீடுகளில் விட்டுச் செல்லும் பொருட்களில் கண்ணாடித் தட்டுடன் கூடிய டிஜிற்றல் நிறைத் தராசும் ஒன்றாகும். ஒரு வீட்டிற்கு வரும் தராசில் அயலில் உள்ள பெண்கள் எல்லோரும் ஏறிப் பார்ப்பது வழக்கம்.

அவ்வாறு ஏறிப் பார்த்த பின்னர் நடப்பவை கவனிக்க வேண்டியவை. நேற்று 54.3 கிலோ காட்டிய தராசு இன்று 55.6 காட்டினால், ஒரு சகோதரி அன்று இரவு சாப்பாட்டை விட்டுவிடுகிறாள். இன்னொரு சகோதரிக்கு மாதாமாதம் நிறை குறைந்துகொண்டே போகிறது. "எனக்கு இருக்கிற கவலைக்கு உடம்பு எங்கை தேறப்போகுது?" என்று சொல்லி அவள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. முதலாமவள் தேவையில்லாமல் பயப்படுகிறாள். இரண்டாமவள் பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறாள். தராசு காட்டும் எண்ணை எவ்வாறு வாசிப்பது என்பதனை அறிந்துகொண்டால் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்த்துக்கொள்ள முடியும்.

தட்டின் கீழே என்ன நடக்கிறது?

இத்தராசின் நான்கு கால்களிலும் சிறு உலோகத் துண்டுகள் உள்ளன. நாம் ஏறி நிற்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவிற்கு வளைகின்றன. அவற்றின் மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய கம்பி இழுபடும்போது அதனூடாகச் செல்லும் மின்சாரத்திற்கான தடை மாறுகிறது. அந்த மாற்றத்தையே தராசு கிலோகிராமாக மாற்றிக் காட்டுகிறது. இந்த முறை 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு பொறியியலாளர்களால் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டதாகும்.

எனவே நான்கு கால்களும் சமமாகத் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாய், கம்பளம், மண் தரை, வெடித்த சீமெந்துத் தரை ஆகியவற்றில் வைத்தால் எண் பிழைக்கும். பற்றரி பலமிழந்தாலும் பிழைக்கும். தீவகத்தின் உப்புக்காற்றில் பற்றரி முனைகள் துருப்பிடிக்கக்கூடும் என்பதால் அவற்றை இடையிடையே துடைத்துக்கொள்வது நல்லது.

54.3 என்று புள்ளிக்குப் பின்னாலும் ஓர் எண் வருவதனால் அது மிகவும் சரியானது என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுத் தராசு அரைக் கிலோ அளவில் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணமானது. ஆகவே கிளினிக்கில் பார்த்த நிறையையும் வீட்டில் பார்த்த நிறையையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை. ஒரே தராசு காட்டும் எண்களையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

தராசை நாமே சோதிக்கலாம். முதலில் தனியே ஏறி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் 5 லீற்றர் தண்ணீர் நிரப்பிய கானைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ ஆதலால் 5 கிலோவும் கானின் சிறு நிறையும் கூடுதலாகக் காட்ட வேண்டும். மற்றொரு விடயமும் உண்டு. சில தராசுகள் முன்னர் காட்டிய எண்ணை நினைவில் வைத்திருந்து, சிறிய வித்தியாசம் ஏற்பட்டாலும் பழைய எண்ணையே திரும்பக் காட்டுகின்றன. மூன்று தடவை ஏறினாலும் ஒரே எண் வந்தால், முதலில் கானுடன் ஒரு தடவை ஏறி இறங்கிய பின்னர் தனியே ஏறிப் பாருங்கள்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

எமது உடலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நீராகும். குடித்த தண்ணீரும் உண்ட சோறும் உடனே தராசில் தெரியும். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்த்துச் சாப்பிட்ட மறுநாள், உப்பு உடலில் நீரைத் தேக்குவதனால் நிறை கூடிக் காணப்படும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் பல பெண்களுக்கு நிறை சற்றுக் கூடிப் பின்னர் இறங்குவதுண்டு. ஒரே நாளுக்குள் ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்குவது நோயன்று, கொழுப்புமன்று.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி சக்தி அடங்கியுள்ளது. ஒரு பெண்ணின் முழுநாள் உணவு பொதுவாக 2000 கலோரி அளவிலேயே அமைகின்றது. எனவே ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டினால் ஒரு கிலோ கொழுப்பு ஏறிவிட முடியாது. அதேபோல கந்தசஷ்டி விரதத்தின் முதல் சில நாட்களில் விரைவாகக் குறைவதும் பெரும்பாலும் நீரே. ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்தின் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவு குறையும்போது முதலில் அவை இரண்டுமே வெளியேறுகின்றன. விரதம் முடிந்து சாப்பிடத் தொடங்கியதும் அந்த நிறை திரும்பிவிடும்.

ஆகவே நாளுக்கு நாலு தடவை தராசில் ஏற வேண்டாம். வாரத்தில் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். காலையில் மலசலம் கழித்த பின்னர், தேநீர் குடிக்க முன்னர், ஒரே வகையான மெல்லிய உடுப்புடன், வீட்டில் ஒரே இடத்தில் தராசை வைத்துப் பாருங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். நான்கைந்து வாரங்கள் கழித்து அந்த எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா, ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாளின் எண் எதையும் தீர்மானிப்பதில்லை. எண்களின் போக்கே எமக்குச் செய்தி சொல்கின்றது.

உயரத்துடன் சேர்த்துப் பார்த்தல்

கிளினிக்கில் பி.எம்.ஐ என்று சொல்லப்படும் உடற்திணிவுச் சுட்டி, நிறையை உயரத்தால் இரண்டு தடவை பிரித்துப் பெறப்படுவதாகும். 52 கிலோ நிறையும் 152 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பெண்ணுக்கு 52 ஐ 1.52 ஆல் பிரித்து, வரும் விடையை மீண்டும் 1.52 ஆல் பிரிக்க 22.5 வரும். 18.5 இற்குக் குறைந்தால் நிறை போதாது. 25 இற்கு மேல் போனால் அதிகம். எம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சுட்டிக்காட்டியது.

இக்கணிப்பு பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெற்லே 1832 இல் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதற்காகப் பயன்படுத்தியதாகும். தனி ஒருவரின் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதனை அது சொல்லாது. அதனால் தையல் நாடாவினால் இடுப்பின் சுற்றளவையும் அளந்துகொள்ள வேண்டும். எமது பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால், நிறை சாதாரணமாக இருந்தாலும் சீனி, பிரஷர் இரண்டையும் பரிசோதிப்பது அவசியம்.

கால் இழந்த சகோதரிகளுக்கு

எறிகணையாலும் மிதிவெடியாலும் கால் இழந்த பெண்கள் எம்மிடையே பலர் உள்ளனர். பி.எம்.ஐ அட்டவணை அவர்களை நினைத்துத் தயாரிக்கப்பட்டதன்று. செயற்கைக் காலுடன் ஏறினால் காலின் நிறையும் சேர்கின்றது. கழற்றிவிட்டு ஏறினால் இழந்த அங்கத்தின் நிறை குறைகின்றது. சுவரிலோ மகளின் தோளிலோ கையை ஊன்றி நின்றால் எண் இன்னும் குறைந்துவிடும்.

அதற்கு இலகுவான வழி உண்டு. செயற்கைக் காலை அணிந்தவாறே எதனையும் பிடிக்காமல் நின்று நிறையைக் குறியுங்கள். விழுந்துவிடாதிருக்க ஒருவர் தொடாமல் அருகில் நிற்கட்டும். பின்னர் வீட்டில் வேறொருவர் தனியாகவும், அந்தச் செயற்கைக் காலைத் தூக்கிக்கொண்டும் ஏற வேண்டும். அந்த வித்தியாசமே செயற்கைக் காலின் நிறை. காலுடன் 49.5 கிலோவும், கால் மட்டும் 2.5 கிலோவும் என்றால் உங்கள் நிறை 47 கிலோ. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி உடல் நிறையில் ஏறத்தாழ 6 வீதமாகும். முழங்காலுடன் அகற்றப்பட்டிருந்தால் அந்தப் பகுதியை ஈடுசெய்ய 47 ஐ 0.94 ஆல் பிரிக்க 50 கிலோ வரும். பி.எம்.ஐ பார்க்க இந்த 50 ஐயே எடுக்க வேண்டும். முழுக்காலும் இழந்தவருக்கு இப்பங்கு ஏறத்தாழ 16 வீதம், முழுக்கைக்கு 5 வீதம். கிளினிக்கில் இதனைக் கணிக்காது "நிறை குறைவு" என்று எழுதினால் நீங்கள் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.

சில தராசுகள் உடற்கொழுப்பின் வீதத்தையும் காட்டும். அவை ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்திற்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பிக் கணிக்கின்றன. எனவே செயற்கைக் காலுடன் அது வேலை செய்யாது. உடலில் உலோகத் தகடு அல்லது எறிகணைச் சிதறல் இருப்பவர்கள் அந்த வீதத்தை நம்ப வேண்டியதில்லை. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் அவ்வகைத் தராசில் ஏறாமல் இருப்பதே நல்லது.

"கவலையாலே மெலிஞ்சு போனாள்"

எமது ஊர்களில் மெலிந்து போகும் பெண்ணைப் பற்றி அயலவர் சொல்லும் முதல் வார்த்தை இது. கணவனை இழந்தவள், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி அலைபவள், இருமுறை மும்முறை வீடு இழந்தவள் மெலிந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கே தோன்றுவதில்லை. கவலை பசியைக் கெடுப்பது உண்மையே. ஆனால் நீரிழிவும், காசநோயும், தைரொயிட் சுரப்பியின் கோளாறும், சில புற்றுநோய்களும் இதேபோலத்தான் நிறையைக் குறைக்கின்றன. கவலை என்ற சொல்லின் பின்னால் இந்நோய்கள் ஒளிந்துகொள்கின்றன.

இந்த இடத்தில்தான் கலண்டரில் எழுதிய எண்கள் பயன்படுகின்றன. குறைக்க வேண்டும் என்று எதுவும் செய்யாமலே ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடத்திற்குள் உடல் நிறையில் 5 வீதம் குறைந்தால் வைத்தியரைச் சந்திக்க வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோ மாத்திரமே. அடிக்கடி தாகமும் சலமும் இருந்தால் சீனியையும், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் சளியையும் பரிசோதிக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் காசநோய்க்கான சிகிச்சை இலவசமானது.

பரிசோதனைகளில் ஒன்றும் இல்லாமல் மனச்சோர்வே காரணம் என்று தெரியவந்தாலும், அதுவும் சிகிச்சையால் குணமாகும் ஒரு நோயே. நேரில் பேசத் தயங்குபவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் பேசலாம். பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தான் பட்டினி கிடப்பதனால் நிறை குறைகிறதென்றால் அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது முதலில் குறைந்தவற்றில் தாயின் சாப்பாட்டுக் கோப்பையும் ஒன்று.

நாள் தாமதிக்கக் கூடாத வேளைகள்

இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவிற்கு மேல் ஏறி, கால் வீங்கி, படுக்கும்போது மூச்சு முட்டினால் அது இருதயம் அல்லது சிறுநீரகம் தொடர்பானதாக இருக்கலாம். கர்ப்பிணியின் நிறை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலையிடியும் கண் மங்கலும் வந்தால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்தாகும். இவ்வாறான வேளையில் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறித் தன் நிறையைக் கழிப்பது சில தாய்மாரின் வழக்கம். அரைக் கிலோ பிழைக்கக்கூடிய தராசு அதற்குப் போதாது. குழந்தையின் நிறையைக் குடும்பநல உத்தியோகத்தரின் தராசிலேயே பார்த்து அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சகோதரிகளே, அடுத்த முறை சுகவனிதையர் கிளினிக்கிற்கோ வைத்தியசாலைக்கோ செல்லும்போது கலண்டரில் எழுதிய எண்களை ஒரு துண்டில் பிரதி பண்ணிக் கொண்டு செல்லுங்கள். "மெலிஞ்சு போனன்" என்று சொல்வதிலும் பார்க்க, "தைப்பொங்கலுக்கு 58, இப்ப 54" என்று சொல்லும்போது வைத்தியருக்கு விடயம் உடனே விளங்கும்.